வலு இருக்கிறது, வேலை நடக்கவில்லை
புதுக்கோட்டையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கையைப் பற்றிப் பேசுவதற்குப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக்கொடுத்த மான்பூண்டியாப் பிள்ளை இந்த ஊர்க்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை வழியாக 'புதுக்கோட்டைப் பாணி' என்றே ஒரு வாசிப்பு நிலைத்தது. அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். மற்ற வித்வான்கள் வலது கையால் வாசிக்கும் மிருதங்கத்தின் வலந்தலையை அவர் இடது கையால் வாசித்தார். என் தொழில் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. மற்றவர்களின் வலந்தலைக்கு இடப்பக்க மூளையிலிருந்து கட்டளை போகும்; இவருடையதற்கு வலப்பக்க மூளையிலிருந்து போயிருக்கிறது. மூளையிலிருந்து கைக்கு வரும் நரம்பிழைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால்தான் தலையில் இடப்பக்கம் அடி என்றால் வலது கையைப் பார்க்கிறோம்.

ஆனால் நான் பேச வந்தது இப்படிப்பட்ட கைகளைப் பற்றி அல்ல. நான் இயன்முறைச் சிகிச்சையாளன். வீட்டில் பலர் சொல்வதுபோல 'பிசியோ'. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரின் கதை ஒரே மாதிரி தொடங்கும். திருச்சி சாலையிலோ அறந்தாங்கி சாலையிலோ வண்டியிலிருந்து விழுந்தார், ஹெல்மெட் டேங்கின் மேல் இருந்தது. அல்லது சாரத்திலிருந்து விழுந்தார். அல்லது தென்னை. தை பிறந்தால் தச்சங்குறிச்சியில் தொடங்கி ஊருக்கு ஊர் வாடிவாசல் திறக்கும். காளை குத்தினால் வயிறு, தூக்கி எறிந்தால் தலை. தஞ்சாவூரிலோ மதுரையிலோ ஐ.சி.யூ.வில் கிடந்து, பிழைத்து, வீடு திரும்பி, மூன்று நான்கு மாதம் ஆன பிறகு வருவார்கள். கூட வரும் மனைவியோ தாயோ சொல்வது இது: "தலையில அடி. ஆனா கை காலெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. வேலைக்குத்தான் போக மாட்டேங்கிறாரு."

இந்தப் பேச்சு முழுவதும் அதில் நடு வாக்கியத்தைப் பற்றியதுதான். கை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

ஒரு காதின் மேலிருந்து உச்சந்தலை வழியாக மறு காது வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரும் இழுப்பார். ஏறத்தாழ அந்தக் கோட்டுக்குக் கீழே, மண்டையோட்டுக்கு உள்ளே, மூளையின் முன்மடல் முடிகிற பின்விளிம்பு இருக்கிறது. அதுதான் இயக்கப் புறணி. 1870-இல் பெர்லினில் ஃப்ரிட்ச், ஹிட்ஸிக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் மூளையில் இந்த இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார்கள். எதிர்ப்பக்கத்துக் கால் துடித்தது. அதுவரை, மூளையின் மேற்பரப்பு சிந்தனைக்கு மட்டுமே, அசைவுக்கு அங்கே வேலையில்லை என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். மாண்ட்ரியலில் பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் விழித்திருந்த நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து 1937-இல் ஒரு வரைபடமே வெளியிட்டார்கள். அதில் முதுகும் வயிறும் சேர்ந்து பிடித்த இடத்தைவிடக் கை பிடித்த இடம் பல மடங்கு பெரியது. பூத்தொடுக்கும் விரலுக்கும் கஞ்சிராத் தோலை அழுத்தும் விரலுக்கும் அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

இந்த விளிம்பு செத்துப்போனால் கை விழும். அது எல்லோருக்கும் தெரியும் நோய், பக்கவாதத்தில் பார்த்திருக்கிறோம். ஆனால் முன்மடல் அந்த விளிம்போடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு முன்னால் முன்னியக்கப் பகுதி. இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் உட்சுவரில் துணை இயக்கப் பகுதி. இன்னும் முன்னால், நெற்றிக்கு நேர் பின்னே, திட்டமிடும் பகுதி. இவை எவையும் தசையை நேரடியாக இழுப்பவை அல்ல. எப்போது தொடங்குவது, எதற்குப் பின் எது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவை. இங்கே அடிபட்டவரிடம் "என் கையை இறுக்கிப் பிடிங்க" என்று மருத்துவர் சொன்னால் எலும்பு நொறுங்கப் பிடிப்பார். கேஸ் ஷீட்டில் 'வலு இயல்பு' என்று எழுதப்படும். எழுதியதில் தப்பில்லை.

இந்தப் பகுதியில் அடிபட்டவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார். வெடிமருந்தைக் கிட்டிக்கும் இரும்புக்கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 6 கிலோ எடை, கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்துக்கொண்டார். குணம் மாறிவிட்டது, பழைய கேஜ் இல்லை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கு முக்கியம், அவ்வளவாகப் பேசப்படாத அடுத்த பகுதி: அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளின் வார்களை விரலிடுக்கில் தனித்தனியாகப் பிடித்து ஓட்டும் வேலை அது. கை போகவில்லை. நாள்தோறும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வரிசை என்ற ஒழுங்குக்குள் அந்தக் கை வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். இந்த ஒழுங்கு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

"பின்மண்டையிலதான் அடி, முன்னாடி எப்படிங்க ரத்தம் கட்டும்?" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்மடல் உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளம், அதாவது கண்குழியின் கூரை, மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பானது. ஓடிக்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும்போது மூளை நிற்காமல் நகர்ந்து அந்தத் தளத்தில் உரசும். பின்னால் விழுந்தாலும் எதிர்முனையில் முன்பகுதி மோதும். எங்கே அடிபட்டாலும் முன்மடலுக்குப் பங்கு வருவது அதனால்தான்.

இனி ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊர் பேர் வேண்டாம். ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்கு முன் சுவர் எழுப்புவதில் பெயரெடுத்தவர். முதல் நாள் கையில் கரணையைக் கொடுத்தேன். பிடித்த பிடி அப்படியே பழைய கொத்தனார் பிடி. கலவைச் சட்டி பக்கத்தில், செங்கல் பக்கத்தில். அவர் கரணையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முகத்தில் சலிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் மனைவி, "ஏங்க, கலவையை எடுத்து வைங்க" என்றார். உடனே எடுத்தார், கச்சிதமாகப் பரப்பினார், நிறுத்திவிட்டார். "கல்லை வைங்க." வைத்தார். நிறுத்திவிட்டார். "பாத்தீங்களா சார், வேணும்னே பண்றாரு. நான் ஒவ்வொண்ணுக்கும் வாய் விடணும்னு இருக்காரு" என்று அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. வண்டிக்காரர்கள் பாஷையில் சொன்னால், இன்ஜினில் கோளாறு இல்லை, செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளிவிட்டால் ஓடுகிறது.

பிறகு ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 'அண்ணன்' என்ற சொல். 'அ' சரி. 'ண்' எழுதும்போது மூன்று சுழி நான்கானது, நான்கு ஐந்தானது, பேனா தாளின் விளிம்புவரை சுழித்துக்கொண்டே போனது. விளிம்பு வந்ததும்தான் நின்றது. எத்தனை சுழி என்று கேட்டால் 'மூணு' என்று சரியாகச் சொன்னார். அறிவுக்குத் தெரிகிறது, கைக்கு நிறுத்தம் கிடைக்கவில்லை. தொடங்க முடியாத அதே கைதான், தொடங்கிய பிறகு நிறுத்த முடியாமல் தவிக்கிறது. குடும்பத்தாரைக் குழப்புவது இந்த இரட்டை நிலை. காலையில் பல் தேய்க்க எழுப்ப முடியவில்லை. தேய்க்க ஆரம்பித்தால் ஈறு ரத்தம் வரும்வரை தேய்க்கிறார். ஒரே ஆள் எப்படிச் சோம்பேறியாகவும் பிடிவாதக்காரராகவும் இருப்பார் என்று கேட்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னச் சோதனை, எல்லோரும் செய்யலாம். ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் லூரியா, இரண்டாம் உலகப்போரில் மூளையில் காயம்பட்ட வீரர்களோடு வருடக்கணக்கில் வேலை செய்தவர். அவர் பெயரால் இது வழங்குகிறது. தொடை மேல் முஷ்டியால் ஒரு குத்து. அடுத்து கையின் விளிம்பால் ஒரு வெட்டு. அடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. குத்து, வெட்டு, தட்டு. வேகமாக, விடாமல். சரி, சிரிப்பு வருகிறது. ஐந்தாறு சுற்றில் உங்களுக்குக் கை ஓடத் தொடங்கியிருக்கும். முன்மடல் அடிபட்டவருக்கு இரண்டாவது சுற்றிலேயே குத்து, குத்து, தட்டு, தட்டு என்று ஆகிவிடும். சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னால் சிலருக்குச் சரியாக வரும். வேறு சிலருக்கு வாய் சரியாகச் சொல்லும், கை தன் வழியில் போகும். சொல் கையை இழுத்துப் பிடிக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சிகிச்சையை நான் பாதி முடிவு செய்துவிடுவேன்.

இன்னும் சில விசித்திரமான கைகள் உண்டு. உள்ளங்கையை விரலால் வருடினால் பச்சைக் குழந்தைபோல இறுகப் பற்றிக்கொண்டு விடாத கை. 'விடுங்க' என்றால் இன்னும் இறுகும். பாரிஸில் லெர்மிட் என்ற மருத்துவர் 1983-இல் விவரித்த நோயாளிகள் வேறு ரகம்: கண்ணெதிரே எந்தப் பொருள் இருந்தாலும் கை அதை எடுத்துப் பயன்படுத்திவிடும். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருப்பவர் முன்னால் இன்னொரு கண்ணாடியை வைத்தால் அதையும் எடுத்து மாட்டிக்கொள்வார். நம் ஊரில் இதைப் பார்ப்பது சீப்பு, தீப்பெட்டி, செல்போனில்தான். கல்யாண வீட்டில் பக்கத்து இலை வடையை எடுத்ததற்காக ஒருவரைச் சொந்தக்காரர்கள் கூட்டிப்போகவே மறுத்துவிட்டார்கள். பேராசை என்று பேசிக்கொண்டார்கள். பொருளைக் கண்டால் கை நீளுவது நம் எல்லோர் மூளையிலும் உள்ளதுதான். அதைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு முன்மடல் வேண்டும்.

இதெல்லாம் வெளியே தெரிகிற கை. உள்ளே என்ன நடக்கிறது?

1965-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவரை உட்கார வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, தோன்றும்போதெல்லாம் விரலை அசைக்கச் சொன்னார்கள். யாரும் சைகை காட்ட மாட்டார்கள், அவர் விருப்பம்தான். விரல் அசைந்த கணத்திலிருந்து பதிவைப் பின்னோக்கிக் கூட்டிப் பார்த்தபோது, அசைவுக்கு ஒரு வினாடிக்கும் முன்பே தலையுச்சியில் ஒரு மெதுவான மின்னழுத்தம் எழத் தொடங்கியிருந்தது. தயார்நிலை மின்னழுத்தம் என்கிறார்கள். அதன் முற்பகுதிக்குப் பெரும் பங்கு தருவது, உட்சுவரில் இருப்பதாகச் சொன்னேனே, அந்தத் துணை இயக்கப் பகுதி. கொத்தனார் கரணையோடு காத்திருந்த அந்த இரண்டு நிமிடமும் உயராமல் இருந்தது இந்த அலைதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவருக்கு அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை. இது என் ஊகம்.

சரி, மனைவி சொன்னதும் எப்படி அசைந்தது? இதற்கு ஜப்பானில் பதில் கிடைத்தது. முஷியாகேயும் தான்ஜியும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளுக்கு மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்தப் பழக்கினார்கள். ஒரு முறை விளக்கு எரிந்து வழிகாட்டும். மறுமுறை நினைவிலிருந்து அழுத்த வேண்டும். கை செய்வது இரண்டிலும் ஒன்றே. ஆனால் விளக்கு காட்டும்போது முன்னியக்கப் பகுதிச் செல்கள் அதிகம் வேலை செய்தன; நினைவிலிருந்து செய்யும்போது துணை இயக்கப் பகுதிச் செல்கள். அதாவது ஒரே அசைவுக்கு மூளையில் இரண்டு வாசல்கள்: உள்ளிருந்து எழும் தூண்டுதலுக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் சைகைக்கு ஒன்று. கொத்தனாருக்கு முதல் வாசல் அடைபட்டிருந்தது, இரண்டாவது திறந்திருந்தது. மனைவியின் குரல் அந்த வழியாகப் போனது.

துணை இயக்கப் பகுதியில் அறுவை செய்துகொண்டவர்களைப் பிரான்சில் லாப்லானும் கூட்டாளிகளும் 1977-இல் விவரித்தார்கள். முதல் நாட்களில் எதிர்ப்பக்கத்துக் கை கால் ஏறக்குறைய அசைவற்று, பேச்சும் நின்றுபோகும். வீட்டார் பதறிப்போவார்கள். வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். கடைசிவரை மிஞ்சி நிற்கும் குறை ஒன்று: இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வேகமாக இயக்குவது. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் மாறி மாறிப் பேசும் ஊரில் அந்தக் குறை எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பதிவில் இன்னோர் அலையும் இருக்கிறது. கை சும்மா இருக்கும்போது இயக்கப் புறணிமேல் வினாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும், மியூ அலை. கையை அசைத்தால் அடங்கும். அசைப்பதாக நினைத்தாலே அடங்கும். அடிபட்ட பக்கத்தில் இந்த அடங்கல் பலவீனப்படும். கை அசையாதவர்களிடம் நினைப்பாவது புறணியை எட்டுகிறதா என்று பார்க்கவும், அந்த நினைப்பைக் கொண்டே கருவியை இயக்கவும் இதைப் பயன்படுத்தி ஆய்வுகள் நடக்கின்றன. நம் மாவட்டத்துக்கு அது வர நாளாகும். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அடிபட்ட பிறகு மூளையின் வேலை இடம் மாறுவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கவாதக்காரர்களிடம் பார்த்தது. 2003-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வு, கையால் ஒன்றை இறுக்கும் சின்ன வேலையைக் கொடுத்து மாதக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்தது. தொடக்கத்தில் இரண்டு பக்க மூளையும் பல இடங்களில் பற்றிக்கொண்டு எரிந்தன. கை தேறத் தேற அந்த வெளிச்சம் குறைந்து, தேவையான இடங்களுக்குள் ஒடுங்கியது. படத்தில் நிறைய வெளிச்சம் தெரிந்தால் மூளை நன்றாக வேலை செய்கிறது என்று பொருளல்ல. பல சமயம் சிரமப்படுகிறது என்றே பொருள். அந்த வண்ணப் படங்களை வைத்து 'மூளையைத் தூண்டுகிறோம்' என்று வகுப்பு நடத்துபவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தேறுவது எதனால்? நூடோ என்ற அமெரிக்கர் 1996-இல் அணில் குரங்குகளின் கைப்பகுதியில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார். சும்மா விட்ட குரங்குகளில், காயம்படாமல் மிச்சமிருந்த கைப்பகுதியும் சேர்ந்து சுருங்கியது. சின்னக் குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்கப் பழக்கிய குரங்குகளில், மிச்சப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் கை பரவியது. கவனியுங்கள், ஓய்வு கொடுத்ததால் நல்லதும் எஞ்சவில்லை.

இதையே மனிதரிடம் எட்வர்ட் டாப் முறையாக்கினார். நல்ல கையில் தடித்த உறை மாட்டிவிடுவது. பலவீனமான கையை மணிக்கணக்கில் உண்மையான வேலைக்கு விடுவது. 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உறையோடு இருந்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர்கள் கை மற்றவர்களுடையதைவிட மேலாக இருந்தது. ஆனால் விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது விரிய வேண்டும் என்பது அதற்கு நுழைவு நிபந்தனை. முழுக்க விழுந்த கைக்கு அது பொருந்தாது.

கண்ணாடிச் சிகிச்சையைப் பற்றிக் கேட்பீர்கள். யூடியூபில் நிறைய ஓடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக 1990-களில் கண்டது அது. நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கருவி. 1999-இல் அவரும் கூட்டாளிகளும் பக்கவாதக் கைக்கும் சோதித்தார்கள். 2018-இல் காக்ரேன் தொகுப்பு 62 ஆய்வுகளை, 1982 பேரைச் சேர்த்துப் பார்த்து, இது உதவுகிறது என்றது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அரை மணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்து உட்கார முன்மடல் வேண்டும். செல்ஃப் எடுக்காதவர் முன்னால் கண்ணாடியை வைத்தால், அவர் அதில் தலை சீவிக்கொள்வார்.

வயதாகிவிட்டதே, இனிமேலா கை கற்றுக்கொள்ளும் என்று கேட்பவர்களுக்கு நான் குரங்குக் கதை சொல்வதில்லை. வேலூரில் பால் பிராண்ட் 1948 முதல் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டினார். விரலை ஒருவிதமாக மடக்கிவந்த தசை வேறொரு வேலைக்குப் போனது, வளர்ந்த மூளைகள் அதைக் கற்றுக்கொண்டன. அவ்வளவு தூரமும் போக வேண்டாம். 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். களையெடுத்தும் கல்லுடைத்தும் பழகிய பல்லாயிரம் பெண்களின் கை அந்த ஓரிரு வருடங்களில் பேனாவையும் சைக்கிள் ஹேண்டில்பாரையும் பிடித்தது. நாற்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர். இந்தக் கூட்டத்திலேயே அந்தக் கைகள் இருக்கும். அவர்கள் கற்றது விரிவுரை கேட்டு அல்ல. பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும், தண்ணீர்க் குடம் கொண்டுவர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்ற தேவையில், தினமும், விழுந்து விழுந்து கற்றார்கள். அடிபட்ட மூளைக்கும் பாடத்திட்டம் அதேதான். பந்தை ஐம்பது முறை அழுத்துவது பாடமாகாது. பந்தை அழுத்த மட்டுமே கை கற்றுக்கொள்ளும்.

கொத்தனாருக்கு என்ன செய்தோம்? மனைவியின் குரலை மெல்ல மெல்ல எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் குரலையே வைத்தோம். 'கலவை, கல்லு, தட்டு, மட்டம்.' நான்கு எண்ணிக்கை, தொடையில் தாளம் போட்டு, வாய்விட்டு. முதலில் நான், பிறகு நாங்கள் இருவரும், பிறகு அவர், பிறகு முணுமுணுப்பு. தாளத்துக்கு மூளையின் அசைவுப் பகுதிகளோடு நேரடித் தொடர்பு உண்டு. பக்கவாதத்துக்குப் பின் நடையைச் சீராக்க அது உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கைக்குச் சான்று அவ்வளவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இவருக்குப் பலித்தது. சில மாதத்தில் வரிசையாகப் பத்துக் கல் வைத்தார். நிறுத்தத்துக்கும் வழி வைத்தோம்: கயிறு கட்டிய இடம் வந்தால் கரணையைக் கீழே வைப்பது. எழுதும்போது தாளின் விளிம்புவரை போன கைக்குக் கண்ணுக்குத் தெரிகிற எல்லை ஒன்று வேண்டியிருந்தது. இன்று அவர் மாமன் மகனுடைய சைட்டில் வேலை பார்க்கிறார். அளவெடுக்கவும், ஆளுக்குக் கூலி பேசவும், மூட்டைக் கணக்குப் பார்க்கவும் முடியவில்லை. மேஸ்திரி ஆக மாட்டார். சுவர் நேராக நிற்கிறது. கேஜுக்குச் சாலையும் கால அட்டவணையும் செய்ததை இவருக்கு அந்தக் கயிறும் நான்கு சொல்லும் செய்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். சோற்றைப் பிசைந்து ஊட்டுவது பாசம்தான், ஆனால் அந்தக் கையின் அன்றைய பாடம் போச்சு. "கையை யூஸ் பண்ணு, கையை யூஸ் பண்ணு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "சொம்பை எடுங்க அப்பு" என்று ஒரு பொருளை, ஒரு வேலையைச் சொல்லுங்கள். கண்ணெதிரே தேவையில்லாத பொருள் வேண்டாம், முக்கியமாகத் தீப்பெட்டியும் வண்டிச் சாவியும். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும்வரை வண்டி, கிணற்றடி, உயரம் மூன்றும் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.

அவசரமாக ஒன்று. வயதானவர், அல்லது குடிப்பழக்கம் உள்ளவர், அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் லேசாகத் தலையை இடித்துக்கொண்டார், ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாலு வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது. அப்போது என்னிடம் வராதீர்கள். நேராகப் போய் சி.டி. ஸ்கேன் எடுங்கள். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே ரத்தம் மெதுவாகத் தேங்கியிருக்கும். துளைபோட்டு வடித்தால் பலர் கை அந்த வாரமே திரும்பிவிடுகிறது. தலைக்காயத்தில் இவ்வளவு நல்ல செய்தி வேறு எதுவும் இல்லை.

உயிரைக் காப்பதில் நாம் முன்னேறியிருக்கிறோம். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950-இலும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார்கள்; அதற்கு முன் நம்மவர்களுக்கு அந்த வாசலே கிடையாது. 2021 டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சை வருகிறது; கேட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகான 48 வாரம்தான் எனக்குக் கவலை. ஐ.சி.யூ.விலிருந்து வருபவரின் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை இருக்கும், அடுத்த தேதி இருக்கும். 'இவருக்குத் தொடங்கவும் நிறுத்தவும் சிரமம் இருக்கும், இது குணக்கேடு அல்ல' என்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

அதன் விளைவு சான்றிதழில் தெரிகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தலைக்காயம் என்று தனி வகை அதில் இல்லை. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். முகாமில் கையைத் தூக்கச் சொல்வார்கள், தூக்குவார். இறுக்கச் சொல்வார்கள், இறுக்குவார். சதவீதம் விழாது. மூன்று வருடமாக ஒரு சட்டையைத் தானாகப் போட்டுக்கொள்ளாதவர் வெறுங்கையோடு திரும்புவார். எலும்பு மருத்துவரின் மேசையோடு நிற்காமல் மனநல மருத்துவரின் மதிப்பீட்டையும், உளவியல் நிபுணரின் சோதனையையும் கேளுங்கள். போவதற்கு முன் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: பல் தேய்க்க எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது, பொத்தான் எத்தனையோடு நின்றது, குழாயை யார் மூடினார், சாப்பாடு போதும் என்று யார் சொன்னது, அடுப்பை யார் அணைத்தது. தேதி போட்டு எழுதுங்கள். முகாமில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் கை சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.